மூன்று பெண் கப்பிகளும் ஒரு வருகைப் பதிவேடும்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'வகுப்பறை அனுபவம்' என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேச வேண்டும் என்று நம் ஒருங்கிணைப்பாளர் கேட்டபோது, என்னிடம் சொல்வதற்குச் சாதனை ஒன்றும் இல்லையே என்றேன். "சொதப்பினது ஏதாவது இருந்தா அதைச் சொல்லுங்க டீச்சர், அதுதான் எல்லாருக்கும் பிடிக்கும்" என்றார். அது என்னிடம் நிறையவே இருக்கிறது. எனவே என் வீட்டு மீன் தொட்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். பள்ளிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

போன ஆண்டு பள்ளி திறந்த சமயம், நான்காம் வகுப்பு படிக்கும் என் மகன் மீன் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினோம். கடைக்காரத் தம்பி கப்பி மீனைக் காட்டி, "ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்குனா மாசாமாசம் குட்டி போட்டுக்கிட்டே இருக்கும்க்கா, அப்புறம் சமாளிக்க முடியாது" என்று முன்னாலேயே எச்சரித்தார். நான் அறிவியல் ஆசிரியை அல்லவா? சாமர்த்தியமாக மூன்றும் பெண்ணாகக் கேட்டு வாங்கினேன். மகனுக்கு அதில் வருத்தம்தான். ஆண் கப்பிக்கு வால் முழுக்க வண்ணக் கோலமாக இருக்கும். பெண் உருவத்தில் பெரிது, நிறம் மங்கல். "எல்லாம் டல்லா இருக்கும்மா" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்று வாரம் ஆகியிருக்கும். விடியற்காலை பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பினால், கூழாங்கற்களுக்கு நடுவே கண் இமை மயிர் போல என்னவோ துடித்து நகர்கிறது. கொசுப்புழு என்றுதான் முதலில் நினைத்தேன். டெங்கு விழிப்புணர்வு உறுதிமொழி எடுக்க வைக்கும் டீச்சர் வீட்டில் கொசுப்புழுவா என்று பதறிக் குனிந்து பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண். கருப்பாக, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய மீன் ஒன்று திரும்பி வந்து அதில் ஒன்றை வாய்க்குள் இழுத்துக்கொண்டது. அன்று பால் பொங்கி வழிந்ததை நான் கவனிக்கவே இல்லை.

குஞ்சுகளை வலையால் அள்ளினால் நசுங்கிவிடும் என்று தோன்றியதால், எவர்சில்வர் டம்ளரைத் தண்ணீருக்குள் சாய்த்து ஒவ்வொன்றாக உள்ளே வரவிட்டுப் பிடித்தேன். சோப்பு படாத ஒரு புது பிளாஸ்டிக் டப்பில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, அதில் விட்டேன். எண்ணியபோது முப்பத்தொன்று. எனக்கு முன் எத்தனை போயிருக்கும் என்று தெரியாது.

அன்று ஏழாம் வகுப்பில் முதல் பாடவேளை எனக்கு. பாடத்தை விட்டுவிட்டு இதைத்தான் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, கடைசி வரிசையிலிருந்து கேள்வி வந்துவிட்டது: "மூணும் பொம்பளை மீனுன்னு சொன்னீங்களே டீச்சர், அப்புறம் எப்படி?" வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பிறகு ஒவ்வொருவராகக் காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். மூன்றில் ஒன்று ஆண், உங்களுக்குத் தெரியவில்லை. ராத்திரி யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன், விடை சொல்லவில்லை. 'மாணவர்களையே கண்டறியச் செய்தல்' என்று பாடத்திட்டக் குறிப்பேட்டில் பிற்பாடு அழகாக எழுதிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எனக்கு விடை தெரியாது.

மாலையில் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "கடைத் தொட்டியில எல்லாம் ஒண்ணாத்தானேக்கா கிடந்துச்சு" என்றார். அவ்வளவுதான் விடை. பெண் கப்பி ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் அந்த விந்தணுக்களைத் தன் உடலுக்குள்ளேயே பல மாதங்கள் சேமித்து வைத்துக்கொள்ளும். அதிலிருந்து ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆணே இல்லாமல், அடுத்தடுத்துப் பல ஈடுகள் போடும். முட்டை உடலுக்குள்ளேயே வளர்ந்து, மஞ்சள் கருவின் ஊட்டத்தில் குஞ்சு உருவாகி, நீந்தத் தெரிந்த நிலையில் வெளியே வருகிறது. பாலூட்டி போலக் குட்டி போடுகிறது என்று சொன்னாலும் பாலும் இல்லை, பராமரிப்பும் இல்லை.

இதைப் படித்தபோதுதான் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. அதற்கு முந்தைய வாரம் நான் வைத்த தேர்வில் முட்டையிடுவன, குட்டி போடுவன என்று வகைப்படுத்தச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் மீனை இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள். சிவப்பு மையால் குட்டி போடுவனவற்றில் இருந்த மீனை அடித்து, 'கவனம் தேவை' என்றும் எழுதியிருந்தேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியது போன வாரம். "எங்க தாத்தா வீட்டுக் கிணத்துல கொசு மருந்துக்காரங்க சின்ன மீன் விட்டாங்க டீச்சர். வாளியில தண்ணி சேந்தினா அதுல குட்டி வரும். முட்டையே வராது." அவள் சொன்னதும் கப்பியைத்தான். கொசுப்புழுவைத் தின்பதால் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடுவதற்காகவே இந்த மீன் நூறாண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது. அவள் கண்ணால் கண்டதை எழுதினாள். நான் புத்தகத்தில் இருந்ததை வைத்து அடித்தேன். விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லி ஒரு மதிப்பெண் கூட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "டீச்சர், குஞ்சு எத்தனை இருக்கு இன்னிக்கு?" என்றாள்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் பதிவேடு தொடங்கியது. பழைய நோட்டு ஒன்றில் வருகைப் பதிவேடு போலவே கட்டம் போட்டார்கள். தேதி, இருப்பு, கொடுத்த தீனி, தண்ணீர் மாற்றிய விவரம், குறிப்பு. தினமும் காலையில் நான் எண்ணிக்கை சொல்ல, ஒருவர் எழுதுவார். முதல் நாள் 31. இரண்டாம் நாள் 29. நான்காம் நாள் 28.

நான்காம் நாள் மாலை டப்பிலிருந்து நாற்றம் வந்தது. காரணம் நான்தான். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வடிகட்டிக் கொடுக்கலாம் என்று படித்துவிட்டு, குஞ்சுகள் பசியில் வாடுமே என்ற தாய்ப்பாசத்தில் ஒரு தேக்கரண்டி அளவுக்குக் கரைத்து ஊற்றியிருந்தேன். ஊசி முனையில் தொட்டு வைக்கும் அளவு போதும் என்று இப்போது தெரியும். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கிவிட்டது. உடனே முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, குழாயில் அப்போதுதான் வந்த தண்ணீரைப் பளிங்கு போல நிரப்பினேன். பார்க்க அவ்வளவு திருப்தியாக இருந்தது. விடிந்தபோது பதின்மூன்று குஞ்சுகள் அடியில் வெள்ளையாகக் கிடந்தன.

பள்ளிக்கு நடந்து வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்றே யோசித்தேன். பிள்ளைகள் யாரும் என் வீட்டு டப்பைப் பார்க்கப் போவதில்லை. 27 என்று சொன்னால் 27தான். அவ்வளவு பொய் வேண்டாம் என்று, "இன்னிக்குப் பதினஞ்சுதான். குஞ்சுகள் இயற்கையாவே நிறைய சாகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பினேன். எழுதிக்கொண்டிருந்த பையன் பேனாவை நிறுத்திவிட்டான். வீட்டுப்பாடம் எழுதாததற்காக வாரம் மூன்று முறையாவது என்னிடம் திட்டு வாங்குகிறவன் அவன். "தண்ணி மாத்துனீங்களா டீச்சர்?" என்றான். ஆமாம் என்றேன். "குழாத் தண்ணியா?" ஆமாம். "எங்க தெருவுல தண்ணி விடுற அன்னிக்குப் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். எங்க அம்மா அண்டாவுல புடிச்சு வெச்சு மறுநாள்தான் செடிக்கு ஊத்தும்."

வகுப்பு என்னைப் பார்த்தது. ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பிறகு, "அதுதான் காரணமா இருக்கும். நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன். பதினாறு ஆண்டு வேலையில் வகுப்பில் அந்த வாக்கியத்தைச் சொன்னது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். குறிப்பு என்ற கட்டத்தில் அவன் எழுதியதை அப்படியே சொல்கிறேன்: 'டீச்சர் குழாய்த் தண்ணீர் ஊற்றியதால் 13 இறப்பு'. அந்த நோட்டு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார்.

நடந்ததை அதன்பின் பிள்ளைகளோடு சேர்ந்தே படித்துப் புரிந்துகொண்டேன். கிருமி கொல்லக் கலக்கும் குளோரின், குஞ்சின் மெல்லிய செவுள்களை அரித்துவிடும். குழாய்த் தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் ஆவியாகிப் போகும்; அவசரம் என்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கித் துளிகளை விடலாம். அது ஒரு பாதிதான். மிச்சத் தீனியும் கழிவும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. நன்கு பழகிய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் கற்களிலும் வாழும் பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதைவிடத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டே இருக்கும். என் புது டப்பில் அந்த பாக்டீரியாவே கிடையாது. நைட்ரஜன் சுழற்சியை எத்தனையோ முறை அம்புக்குறி போட்டு நடத்தியிருக்கிறேன். அது என் வீட்டு டப்புக்குள் நடக்க வேண்டிய ஒன்று என்று தோன்றியதே இல்லை.

மீதி பதினைந்தையும் பெரிய தொட்டியிலேயே ஒரு பக்கம் நைலான் வலைத் தடுப்புக் கட்டி உள்ளே விட்டேன். பழகிய தண்ணீர், பெரிய மீன் வராது. வாய்க்காலில் இருந்து வேலம்பாசி கொண்டுவந்து, நத்தை முட்டை இல்லாமல் அலசிப் போட்டேன். உங்கள் வீட்டில் இப்படித் திடீரென்று குஞ்சு வந்துவிட்டால், வேறொன்றும் செய்ய முடியாவிட்டாலும் அடர்த்தியாகப் பாசியைப் போடுங்கள். ஒளிந்துகொள்ள இடம் இருந்தால் பாதியாவது தேறும். மோட்டார் ஃபில்டர் இருந்தால் அதன் வாயில் ஸ்பாஞ்ச் வையுங்கள், இல்லையென்றால் குஞ்சுகள் உறிஞ்சப்பட்டுவிடும். சாதாரண மீன் தீனியை விரல்களுக்கு நடுவே மாவாக நசுக்கி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மட்டும் போட்டேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை அடியில் தங்கிய அழுக்கை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றினேன். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எல்லாம் தேவைப்படவில்லை. ஒரே ஒரு குஞ்சுதான் அதன்பின் போனது. பதினான்கு நிலைத்தது.

இங்கே வகுப்பில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் நாள் கதை சொல்லும்போது 'அம்மா மீன் தன் குஞ்சையே தின்றுவிட்டது' என்று கண்களை விரித்துச் சுவாரசியமாகச் சொல்லியிருந்தேன். "சீ, இப்படியும் ஒரு அம்மாவா" என்று பிள்ளைகள் கூவினார்கள். அந்தக் கூச்சலில் ஒரு பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். பாட்டி வீட்டில் வளர்கிற பெண். அவள் அம்மா எங்கே என்று ஊரில் ஆளுக்கொன்று பேசுவார்கள். எனக்கு அது உறைத்தது இரண்டு நாள் கழித்துத்தான். அதன்பின் நான் 'பெரிய மீன்', 'குஞ்சு' என்று மட்டும்தான் சொன்னேன். அந்தப் பெரிய மீனுக்கு அது தன் குஞ்சு என்ற அடையாளம் எதுவும் கிடையாது; வாய்க்கு அடங்குகிற, அசைகிற ஓர் உணவு, அவ்வளவுதான்; அம்மா, அப்பா என்று பெயர் வைப்பது நாம்தான் என்று வகுப்புக்குச் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் தனியாக எதுவும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டுமா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை. உங்களில் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கு எடுக்கும் நண்பர்களுக்கு இதில் நல்ல தீனி இருக்கிறது. கண்ணாடி டம்ளரின் அடியில் வரைபடத் தாளை வைத்துக் குஞ்சின் நீளத்தை அளக்கலாம். ஏழெட்டு மில்லிமீட்டரில் தொடங்கும். மூன்று நான்கு வாரத்தில் பெண்ணின் அடிவயிற்றில் கருமையான புள்ளி தெரியத் தொடங்கும். ஆணின் அடித்துடுப்பு குச்சி போலக் கூர்மையாகும். அப்போதே பிரித்துவிட வேண்டும். எங்கள் பதினான்கில் எட்டு பெண். பிள்ளைகள் கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். எட்டு பெண், ஈட்டுக்கு முப்பது என்றால் 240. அதில் பாதி பெண், 120. அவை இரண்டு மூன்று மாதத்தில் வளர்ந்து முப்பது முப்பது போட்டால் 3,600. சுண்ணக்கட்டி தேய்ந்ததே தவிரக் கணக்கு நிற்கவில்லை. "அப்போ உலகம் பூரா கப்பியால நிறைஞ்சிருக்கணுமே, ஏன் நிறையலை?" என்று அவர்களே கேட்டார்கள். இதைவிட நல்ல முன்னுரையோடு உணவுச்சங்கிலிப் பாடத்தை நான் தொடங்கியதே இல்லை.

பத்தாம் வகுப்புக்குப் பரிணாமம் நடத்துபவர்களுக்கும் ஒன்று. கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாட் தீவும். 1859-ல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் வெனிசுலா மீனை வைத்து இதை விவரித்தார். 1866-ல் டிரினிடாடிலிருந்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு இதை அனுப்பிய ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பியின் பெயரே வழக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. அதே டிரினிடாட் ஓடைகளில் ஜான் எண்ட்லர் என்ற அறிவியலர் ஆய்வு செய்தார். கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் உள்ள இடத்தில் ஆண் கப்பிகள் நிறம் மங்கி இருந்தன; எதிரி குறைந்த மேல் ஓடைகளில் வண்ணமாக இருந்தன. 1976-ல் ஆபத்து மிகுந்த இடத்திலிருந்து 200 கப்பிகளை எடுத்து, ஆபத்து குறைந்த, கப்பியே இல்லாத ஓர் ஓடையில் விட்டார். இரண்டு ஆண்டுக்குள், ஏறக்குறைய பதினைந்து தலைமுறையில், அங்கே ஆண்களின் வண்ணம் கூடிவிட்டது. டார்வின் என்றாலே லட்சக்கணக்கான ஆண்டுகள் என்று சொல்லிப் பழகிய நமக்கு, இது வியப்பான செய்தி. வண்ணம் பெண்ணை ஈர்க்கும், கூடவே எதிரியையும் ஈர்க்கும். 'டல்லா இருக்கு' என்று என் மகன் கோபித்துக்கொண்டதற்கு அன்றுதான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

மூன்றாம் மாதம் தொட்டியில் இடம் போதவில்லை. ஊர்க் குளத்தில் விட்டுவிடலாம் என்று வகுப்பு ஒரே குரலில் தீர்மானம் போட்டது. கொசுவும் ஒழியும், மீனும் பிழைக்கும். நானும் சரி என்றேன். தலைமையாசிரியர், வெள்ளிக்கிழமை மதியம் போகலாம், புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். முதல்நாள் இரவு அந்த 3,600 எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. சுகாதாரத் துறையினர் மூடிய கிணற்றிலும் சிமெண்ட் தொட்டியிலும் விடுவது வேறு. குளத்துக்கு வாய்க்கால் உண்டு; வாய்க்காலுக்கு ஆறு உண்டு. வெளிநாட்டு மீன், அதுவும் ஒரே ஒரு பெண் போதும் பெருகிவிடுகிற மீன். நம் ஊர்ச் சிறு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் அதுவும் தின்னும். காலையில் வகுப்பில் வேண்டாம் என்றேன். பிள்ளைகளுக்குக் கோபம். "நேத்து சரின்னீங்க, இன்னிக்கு மாத்துறீங்க" என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

சமாதானம் சொல்லிப் பயனில்லை என்று, குறித்த நேரத்தில் குளத்துக்குக் கூட்டிப் போனேன், மீன் இல்லாமல். படித்துறையில் துண்டை விரித்து இரண்டு பையன்கள் அள்ளினார்கள். இரண்டாம் அள்ளலிலேயே தலையில் வெள்ளைப் புள்ளி மினுங்கும் சிறு மீன்கள் நான்கு வந்தன. நம் வயல் வாய்க்கால்களில் நீர்மட்டத்தை ஒட்டி நீந்துமே, அந்த மீன்தான். பாட்டிலில் விட்டு, கரையோரக் குழியில் நெளிந்துகொண்டிருந்த கொசுப்புழுக்களை மொண்டு ஊற்றினோம். சடசடவென்று தின்று தீர்த்தன. "இதுவே இருக்கே டீச்சர்" என்று ஒருவன் சொன்னான். நான்கையும் திரும்பக் குளத்திலேயே விட்டோம். கொசுவுக்காக வீட்டில் தண்ணீர் தேக்கிப் புழு வளர்த்துப் பார்க்கலாம் என்று மட்டும் எந்த வகுப்பும் கிளம்பிவிட வேண்டாம், அதற்கு நான் பொறுப்பில்லை.

கப்பிகளில் ஆறு ஆண்களையும் பள்ளி வளாகத்தில் பயன்படாமல் கிடந்த சிமெண்ட் தொட்டியைக் கழுவி அதில் விட்டிருக்கிறோம். நான்கு பெண்களைக் கடைத் தம்பி திருப்பி எடுத்துக்கொண்டார். காசு கொடுக்கவில்லை, தீனிப் பொட்டலம் ஒன்று கொடுத்தார். மீதி நான்கும் பழைய மூன்றும் வீட்டில். பதிவேட்டை இப்போது எட்டாம் வகுப்புக்குப் போய்விட்ட அதே பிள்ளைகள்தான் தொடர்கிறார்கள். ஆறாம் வகுப்புக்காரர்கள் எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள், தர மறுக்கிறார்கள்.

இன்று காலை கிளம்பும்போது பார்த்தேன். பெரிய மீனில் ஒன்றின் வயிறு உருண்டை போய்ச் சதுரமாகியிருக்கிறது. அதாவது இன்றோ நாளையோ. அண்டாவில் தண்ணீரை நேற்றே பிடித்து வைத்துவிட்டேன். மூன்று மணிக்கு என்னை விட்டுவிட்டால் நல்லது.